சமக்குறி சொல்லாதது

ஆங்கில மரபுத்தொடர்களை நம் பள்ளிகளும் போட்டித் தேர்வுப் புத்தகங்களும் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் கற்றுத்தருகின்றன. இடப்பக்கம் தொடர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் பொருள். 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோவது. இதை மனப்பாடம் செய்த ஒருவர், மேலதிகாரியின் தந்தை மறைந்ததற்கு எழுதும் இரங்கல் கடிதத்தில் அந்தத் தொடரையே போட்டுவிட்டால் என்ன ஆகும்? தமிழில் 'மண்டையைப் போட்டார்', 'இறைவனடி சேர்ந்தார்' இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். ஆனால் இழவு வீட்டு வாசலில் நின்று முன்னதைச் சொல்ல யாருக்கும் நா எழாது. பிரான்சிஸ் குரோஸ் 1785-ல் வெளியிட்ட அகராதியிலேயே 'கிக் த பக்கெட்' இருக்கிறது. அது கொச்சைமொழிக்கென்றே தொகுத்த அகராதி. அந்தத் தொடரைப் புழங்கத் தகுந்த இடம் எது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். நம் பட்டியல்கள் பொருளை வைத்துக்கொண்டு இடத்தை உதறிவிட்டன.

இடம் மட்டுமல்ல, தொடருக்குள் இருக்கும் படமும் போய்விடுகிறது. 'ஸ்டிக்கி விக்கெட்' என்பதற்குப் பட்டியல் தரும் பொருள் 'இக்கட்டான நிலை'. இங்கே விக்கெட் என்பது மூன்று குச்சிகள் அல்ல, ஆடுகளம். களத்தை மழைக்கு மூடிவைக்காத காலத்தில், ஊறிய மண் வெயிலில் காயத் தொடங்கும்போது ஒரு பந்து முகத்துக்கு எழும்பும், அடுத்தது கணுக்காலுக்குக் கீழே போகும். 1950 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்டில் அப்படியொரு நாள் வந்தது. எதிரணியை அந்த ஈரத்தில் இறக்கிவிட வேண்டுமென்றே இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 68 ரன் எடுத்த நிலையில் டிக்ளேர் செய்தது. ஆஸ்திரேலியாவும் 7 விக்கெட்டுக்கு 32 ரன்னில் அதையே திருப்பிச் செய்தது. அன்று மட்டும் விழுந்தவை 20 விக்கெட்டுகள். ஆட்டக்காரருக்கு நிற்கும் தரையே எதிரி என்ற இந்தக் காட்சி மனதில் பதிந்துவிட்டால் இலக்கணமும் கூடவே வந்துவிடும். தரையின் மேல் நிற்பதால்தான் அந்தத் தொடருக்கு முன் 'ஆன்' வருகிறது. 'இக்கட்டான நிலையில்' என்று உருப்போட்டவர் 'இன்' என்றுதான் எழுதுவார்.

ஆங்கிலேயர் எல்லாரும் இந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டா பேசுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 'தண்ணி காட்டிட்டான்' என்று சொல்லும் நாமும் எந்தத் தண்ணீர், யாருக்குக் காட்டியது என்று விசாரிப்பதில்லை. ஆனால் அதை எவரிடம், எந்தக் குரலில் சொல்லலாம் என்பதைத் திண்ணையிலும் தெருவிலும் ஆயிரம் முறை கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறோம். அந்த ஆயிரம் முறை கிடைக்காதவருக்குப் படம்தான் கைப்பிடி.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: தோற்றக் கதைகளில் பாதி கட்டுக்கதை. பெருமழையை ஆங்கிலத்தில் 'பூனையும் நாயுமாகப் பெய்கிறது' என்று சொல்வதற்கு, கூரையில் படுத்த விலங்குகள் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. அதற்கு ஆதாரமே இல்லை. அந்தத் தொடர் எப்படிப் பிறந்தது என்பது உறுதியாகத் தெரியவில்லை. மாணவரிடம் அதை அப்படியே சொல்லிவிட வேண்டும். பொய்க் கதை சொல்லி நினைவில் நிறுத்துவது கல்வி ஆகாது. மூலம் தெரியாத தொடர்களுக்கு, அவை இயல்பாக வரும் நாலைந்து வாக்கியங்களைக் காட்டினால் போதும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நூறு தொடர்களை ஒப்பிக்கவைக்கும் நேரத்தில் பத்தைப் பழக்கிவிடலாம். பாடநூல் எழுதுவோர் அடுத்த பதிப்பிலாவது அந்தச் சமக்குறியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தொடருக்கும் எதிரே அதை யார் யாரிடம் எப்போது சொல்வார்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.