கண்ணாடித் தொட்டிக்கு ஒரு விளக்கு

கடலின் சிறு மூலையொன்றை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க விரும்புபவன் முதலில் நீரைப் பற்றியும் உப்பைப் பற்றியுமே கவலைப்படுகிறான். ஆயினும் அவனது பொறுமையையும் பணப்பையையும் இறுதியிற் சோதிப்பது ஒளியே. மீன் மாத்திரம் வளர்ப்பவனுக்கு விளக்கு ஓர் அலங்காரப் பொருள். முருகை வளர்ப்பவனுக்கோ அது உணவு. முருகை விலங்கினத்தைச் சேர்ந்ததாயினும் அதன் இழையங்களுக்குள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்ணல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்பின் மூலம் ஆக்கும் உணவின் பெரும்பகுதி, தமக்கு இடங்கொடுத்த விலங்குக்கே போய்ச் சேருகின்றது. ஒளி குன்றினால் இரண்டுக்கும் பட்டினி. ஒளி மிகுந்தால் அதனிலும் பெரிய கேடு. இவ்விரண்டாவது உண்மையைச் சண்டிலிப்பாயைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் கற்றுக்கொண்ட விதம் சற்று வேதனையானது.

2021ஆம் ஆண்டு அது. பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடிக்கிடந்தன. உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவிற் பயின்றுகொண்டிருந்த அவன், அயல்வீட்டார் கழித்துவிட்ட பழைய கண்ணாடித் தொட்டியொன்றைத் தூக்கிவந்து கழுவினான். நீளம் 60 சென்ரிமீற்றர், அகலம் 30, உயரம் 40. விளிம்புவரை நிரப்பினால் 72 லீற்றர் கொள்ளும். மாதகற் கரையிலிருந்து சைக்கிளிற் கலன்களைக் கட்டிக் கடல்நீர் கொண்டுவந்தான். கிணறு வெட்டியபோது கிளறிப்போட்ட சுண்ணக்கற்களை அடுக்கிப் பாறையமைத்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமே பண்டைக் கடலின் படிவாதலின் அக்கற்கள் மீண்டும் உப்புநீருக்குத் திரும்பின எனலாம்.

வன்முருகைகளைக் கடலிலிருந்து பெயர்த்தெடுப்பதை இந்நாட்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தடைசெய்கின்றது. எனவே கொழும்பில் நெடுங்காலமாகத் தொட்டி வைத்திருந்த உறவினர் ஒருவரிடம் அவன் கேட்டான். அவருடைய தொட்டியிலேயே பிரிந்து பெருகியிருந்த காளான் முருகை மூன்றை அவர் மனமுவந்து தந்தார். கல்லெலும்புக்கூடு இல்லாத, காளானின் குடைபோல் விரிந்த மென்மையான உயிர்கள் அவை. “அடியிலை, கல்லின்ரை நிழலிலை தான் இதுகள் பெருகினது” என்று அவர் சொல்லியும் இருந்தார். அச்சொல்லை அவன் கேட்டானேயன்றிக் கருதவில்லை.

விளக்குத் தெரிவு எஞ்சியது. உறவினர் வீட்டில் இருந்தது 150 வாற்று மெற்றல் ஹேலைட் விளக்கு. நீரின் மேற்பரப்பில் வெயிலைப் போன்ற நெளிவுகளைக் காட்டும் அழகு அதற்குண்டு. நீரைச் சூடாக்கும் குற்றமும் உண்டு. ரி5 எனப்படும் மெல்லிய குழல் விளக்குகள் ஒளியைச் சீராகப் பரப்புவன. எனினும் காலப்போக்கில் அவற்றின் ஒளி குன்றுவதால், ஆண்டுக்கொரு முறையாவது குழல்களை மாற்றும் செலவு தொடரும். முருகைக்கென்றே செய்யப்பட்ட எல்.ஈ.டி. விளக்குகளின் விலை அவன் கைக்கு எட்டவில்லை. ஈற்றில், மாமா தந்திருந்த ஐயாயிரம் ரூபாவில் ஒரு பகுதியைக் கொடுத்து, முற்றத்துக்கு வெளிச்சம் பாய்ச்சும் 50 வாற்று வெள்ளை எல்.ஈ.டி. விளக்கொன்றை வாங்கினான். வாற்று எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு முருகை செழிக்கும் என்பதே அவன் கணக்கு. நீருக்கு 20 சென்ரிமீற்றர் உயரத்தில் அதனைத் தொங்கவிட்டு, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் எரியவிட்டான்.

பத்து நாட்களிற் கற்களின்மேல் பச்சைப்பாசி படர்ந்தது. காளான்களோ சுருங்கின. கபில நிறமாயிருந்தவை மங்கி, மூன்றாம் வாரத்தில் வெளிறிப்போயின. ஒளி போதாமையாலேயே அவை வாடுகின்றன என்று அவன் முடிவுசெய்தான். நீல ஒளி தரும் ரி5 குழல்கள் இரண்டை மேலதிகமாக வாங்குவதற்குத் தாயிடம் பணம் கேட்டான். சமையற்கட்டில் மா அரித்துக்கொண்டிருந்த அவள் எழுந்துவந்து தொட்டியை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மேசையிற் கிடந்த மின்சாரப் பட்டியலைப் புரட்டி, அதன் வெறும்பக்கத்தில் இரண்டு அச்சுக்கோடுகளையும், மேலேறி இடையில் வளைந்து பின் கிடையாகச் செல்லும் ஒரு கோட்டையும் வரைந்தாள்.

“வெளிச்சம் கூடக்கூடச் சாப்பாடும் கூடிக்கொண்டே போகுமெண்டு நினைக்காதை தம்பி. ஒரு அளவுக்குப் பிறகு கோடு படுத்திடும். அதுக்கு மேலை குடுத்தால் கருகிப்போம்.”

“உது உங்களுக்கு எப்பிடியம்மா தெரியும்?”

“நான் தாவரவியல் படிச்சனான்.”

அவள் உயர்தரத்தில் விஞ்ஞானம் பயின்றவள் என்பதை அவன் அறிந்ததே அன்றைக்குத்தான். 1990இற் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது அவளுக்கு வயது பதினான்கு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் ஊறிய சிறிதளவு மண்ணெண்ணெயில் எரிந்த திரியே அக்காலத்து மாணவரின் விளக்கு. போத்தலின் ஒரு பக்கத்தில் தகரத்துண்டைச் சாத்தி வைத்தால் ஒளி முழுவதும் புத்தகத்தின்மேல் விழும். திரியைத் தூண்டினாற் புகையும் எண்ணெய்ச் செலவுமே மிஞ்சும். எழுத்து அதனால் தெளிவடைவதில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு அவளுடைய படிப்பு நின்றது. குறிப்புக் கொப்பிகளும் அத்தோடு போயின. அந்த வளைகோட்டை அவள் இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்பு நினைவிலிருந்தே வரைந்தாள்.

அதன் பின்னரே அவன் முறையாகப் படிக்கத் தொடங்கினான். தாங்கக்கூடிய அளவை மீறி ஒளி விழும்போது நுண்ணல்காக்களின் ஒளித்தொகுப்புப் பொறிமுறை அதனைக் கையாள இயலாது திணறும். அப்போது கலங்களைச் சிதைக்கும் ஒட்சிசன் வடிவங்கள் உண்டாகும். முருகை தன் விருந்தாளிகளை வெளியேற்றி வெளிறும். நீர் சூடேறினால் இக்கேடு இன்னும் விரைவில் நேரும். 1998இல் இலங்கையின் தென்மேற்குக் கரையிலே ஹிக்கடுவை முதலிய இடங்களின் முருகைப் பாறைகள் பெருமளவில் வெளிறி மடிந்ததும் கடல்நீரின் வெப்பம் மிகுந்தமையாலேதான்.

விளக்குப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமன் என்னும் அளவு மனிதக் கண்ணுக்காக வகுக்கப்பட்டது என்பதையும் அவன் அறிந்துகொண்டான். பகலிற் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தோன்றுவது 555 நனோமீற்றர் அளவிலான பச்சை ஒளி. ஒளித்தொகுப்புக்கு உதவுவது 400 முதல் 700 நனோமீற்றர் வரையிலான ஒளி. அதிலும் முருகையின் நுண்ணல்காக்கள் பெரிதும் உறிஞ்சுவது நீலத்தையே. கடல்நீர் செந்நிறக் கதிர்களை மேற்பரப்புக்கு அண்மையிலேயே விழுங்கிவிடுவதால், ஆழத்தில் வாழும் உயிர்கள் நீலத்துக்குப் பழகிவிட்டன.

அப்படியாயின் மலிவான வெள்ளை விளக்கு பயனற்றதோ? அதுவும் இல்லை. வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளிற் பெரும்பாலானவை அடிப்படையில் நீல விளக்குகளே. ஏறத்தாழ 450 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளியின் ஒரு பகுதியை மேற்பூச்சு மஞ்சளாக மாற்றுவதால், இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகின்றன. அந்நீல ஒளியைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இற் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. 6500 கெல்வின் என்று குறிக்கப்பட்ட சாதாரண வீட்டு விளக்கிலே, காளான் முருகை போன்ற குறையொளி உயிர்களுக்குப் போதுமான நீலம் உண்டு. கிளைவிடும் வன்முருகைகளுக்குத்தான் அது போதாது. தவறு அவன் வாங்கிய விளக்கின் இனத்தில் இருக்கவில்லை. அளவிலும் அவசரத்திலும் இருந்தது.

ஐம்பது வாற்று விளக்கு முற்றத்துக்கே போயிற்று. அதனிடத்தில் 15 வாற்று விளக்கொன்று 40 சென்ரிமீற்றர் உயரத்தில் ஏறியது. பழைய தகரப் பேணியை வெட்டி, உட்புறம் வெள்ளை மை பூசித் தாய் ஒரு மறைப்புச் செய்து கொடுத்தாள். சுவருக்கும் கூரைக்கும் சிதறிக்கொண்டிருந்த ஒளி நீருக்குள் திரும்பியது. மூடுகண்ணாடியிற் படியும் உப்பை நாள்தோறும் துடைத்தார்கள்; காசு செலவின்றி ஒளியைக் கூட்டும் வழி அதனிலும் எளிதாக வேறில்லை. நாளுக்கு ஐந்து மணிநேரமாகத் தொடங்கிப் படிப்படியாக எட்டுக்கு உயர்த்தினார்கள். மூன்று காளான்களில் ஒன்று மீளவில்லை. அதனைத் தொட்டியிலிருந்து எடுத்தெறிந்த அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மற்ற இரண்டும் மூன்று மாதங்களின் பின்னர் நிறம்பெற்று விரிந்தன.

அடுத்த ஆண்டு வந்த சோதனை வேறுவகையானது. 2022 மார்ச் இறுதியில் நாட்டிற் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நேர்ந்தது. விளக்கைப் பற்றியே எண்ணிப் பழகியவன் இருளைக் கண்டு அஞ்சினான். உண்மையில் ஒளியின்றி ஓரிரு நாட்களை முருகை பொறுத்துக்கொள்ளும். அசையாத நீரில் ஒட்சிசன் குறைவதையே தொட்டியிலுள்ள உயிர்கள் பொறுக்கமாட்டா. அந்த இரவுகளில் தாயும் மகனும் முறைவைத்து விழித்திருந்து, செம்பினால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் ஒரு ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே வெளிச்சத்தில் என்னென்ன படித்தாள் என்பதை அந்த இரவுகளிலேதான் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. 150 வாற்று விளக்கை நாளுக்கு எட்டு மணிநேரம் எரித்தால் முப்பது நாட்களில் 36 அலகு. 15 வாற்று விளக்குக்கு 3.6 அலகு மாத்திரமே. அலகு ஏற ஏறக் கட்டண வீதமும் படியேறும் வீட்டுப் பட்டியலில் இந்த வேறுபாடு சிறியதன்று. கடையிற் கொடுக்கும் விலை விளக்கின் முதல் தவணை. மீதியை மாதந்தோறும் செலுத்தவேண்டியிருக்கின்றது. கொழும்பு உறவினர் தமது பெரிய விளக்கை அக்காலத்தில் அணைத்துவைத்தார். சண்டிலிப்பாய்த் தொட்டி அணையவில்லை.

அவன் இன்று பல்கலைக்கழகத்தில் வரலாறு பயில்கிறான். தொட்டியிற் காளான்கள் பதினொன்று இருக்கின்றன. தொட்டி வைக்க விரும்பும் நண்பர்கள் எந்த விளக்கை வாங்கலாம் என்று அவனிடம் கேட்பதுண்டு. விலையையோ வாற்றையோ அவன் முதலிற் சொல்வதில்லை. “எதை வளர்க்கப் போகிறீர்?” என்று கேட்பான், பிறகு அவ்வுயிருக்கு வேண்டிய ஒளியைச் சொல்வான், அதன் பின்னரே கடைக்கு அனுப்புவான். கிளைமுருகை மீதான ஆசை அவனுக்கும் உண்டு. அதற்குச் சட்டமும் இடந்தராது, வீட்டுப் பட்டியலும் இடந்தராது.

வளைகோடு வரைந்த அந்தப் பட்டியல் தொட்டியின் அருகே சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றது. ஓரங்கள் உப்புக்காற்றிற் சுருண்டுவிட்டன. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைப்பவள் தாயே. அணைக்குமுன் ஒருகணம் குனிந்து, எத்தனை விரிந்திருக்கின்றன என்று எண்ணிப்பார்ப்பாள்.