அடங்கலில் யார் பெயர்?

காவிரி டெல்டாவில் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. ஜூனில் மேட்டூர் மதகு திறக்கும்போது பிறந்து, அடுத்த மே மாதக் கோடை உழவோடு முடிகிறது. கீழே வரும் நாட்குறிப்பும் அந்த வரிசையில்தான் போகிறது. மாதங்கள் வரிசையாக வரும். ஆண்டுகள் முன்னும் பின்னுமாக வரும். ஒவ்வொரு தேதியை ஒட்டியும் உழவர் குடும்பத்துக்கு ஏதோ ஓர் உதவி பேசப்பட்டது. அந்தப் பணம் எப்போது வருகிறது, யார் பெயருக்கு வருகிறது என்பவைதான் இந்தக் குறிப்புகள் தேடும் விஷயங்கள்.

ஜூன் 12, 2023

மேட்டூர் அணை திறக்கப்பட்டது. தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றிலும் காவிரியிலும் பிரிந்து, கடைமடை வாய்க்கால்களை எட்ட இன்னும் நாளாகும். பணம் அதற்கு முன்பே கையில் இருந்தாக வேண்டும். விதை வாங்க வேண்டும், டிராக்டருக்குக் கொடுக்க வேண்டும். நடவுக்கு வரும் பெண்களுக்கு அன்றன்றைக்கே கூலி தர வேண்டும். டெல்டாவில் ஜூன் என்றால் கடன் வாங்கும் மாதம்.

இருக்கிற கடன்களில் நல்ல கடன் ஊர் சொசைட்டியில் கிடைப்பது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பணமாகக் கொஞ்சம், உரமாகக் கொஞ்சம் தருகிறது. தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. வட்டியை அரசே ஏற்கிறது. இதைவிட நேர்மையான உதவி உழவருக்கு வேறில்லை. ஆனால் அதை வாங்கச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். எந்தப் புல எண்ணில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தரும் பதிவுதான் அடங்கல்.

சொந்த நிலக்காரருக்கு அது ஒரு நாள் வேலை. குத்தகைக்காரருக்கோ அங்கேதான் கதவு அடைகிறது. குத்தகையாளர் உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பெரும்பாலான குத்தகைகள் இன்றும் வாய்ப்பேச்சில்தான் நடக்கின்றன. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளர் பயப்படுகிறார். வற்புறுத்திக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று குத்தகைக்காரர் பயப்படுகிறார். ஆகவே வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போகிறது. உரம் கடையில் கடனாக வருகிறது. மீதிக்கு மாத வட்டிக்காரர் இருக்கிறார்.

ஆண்டு முழுவதும் வரப்போகும் நிவாரணம், காப்பீடு, தள்ளுபடி எல்லாமே இதே தாளைத்தான் கேட்கும். அதில் பெயர் இல்லாதவருக்கு ஜூன் மாதத்திலேயே பாதி வழி அடைபட்டுவிடுகிறது.

அக்டோபர் 10, 2023

திறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, மேட்டூர் மூடப்பட்டது. கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. கடைமடையில் கதிர் விடும் நேரத்தில் குறுவை காய்ந்தது. அந்த ஆண்டு குறுவை நெல்லுக்குப் பயிர்க் காப்பீடும் இல்லை. அரசு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓர் ஏக்கருக்குக் கணக்கிட்டால் 5,465 ரூபாய். 2017 ஜனவரியில், மாநிலமே வறண்டு கிடந்தபோது, நெல்லுக்கு அறிவிக்கப்பட்டதும் ஏக்கருக்கு அதே 5,465 ரூபாய்தான். ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் டீசலும் உரமும் நடவுக்கூலியும் எங்கேயோ போய்விட்டன. நிவாரணம் ஒரு ரூபாய்கூட நகரவில்லை. அந்த 13,500 பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2015இல் வகுத்த விதிமுறையின் எண். பாசன நிலப் பயிருக்கு அதை 17,000 ஆக உயர்த்திய புதிய விதிமுறை 2022லேயே வந்துவிட்டது. அதே 2023 பிப்ரவரியில் மழையில் சாய்ந்த நெல்லுக்கு மாநில அரசு 20,000 கொடுத்திருக்கிறது. தண்ணீர் மிகுந்து அழிந்த பயிருக்கு ஒரு விலையும், தண்ணீரில்லாமல் அழிந்த பயிருக்கு வேறு விலையும் என்பது வயலில் நிற்பவருக்குப் புரிகிற கணக்கில்லை.

ஓர் ஏக்கர் நெல்லுக்கு முப்பதாயிரத்துக்குக் குறையாமல் பிடிக்கிறது என்பது டெல்டாவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 5,465 ரூபாய் நடவுக்கூலிக்கே சரியாகப் போகும். விதிமுறை இதை இழப்பீடு என்று அழைப்பதில்லை, இடுபொருள் மானியம் என்றுதான் சொல்கிறது. அதுவும் பாதிப்பு 33 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால், இரண்டு ஹெக்டேர் வரைக்கும்தான்.

நவம்பர் 15

இந்தத் தேதிக்கு ஆண்டு தேவையில்லை. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுப் பிரீமியம் கட்டக் கடைசி நாளாக ஆண்டுதோறும் அறிவிக்கப்படுவது இதுதான். கூட்டம் தாங்காமல் சில ஆண்டுகளில் ஒரு வாரம் நீட்டிக்கப்படும். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அடங்கலுக்கு வரிசை, இ-சேவை மையத்தில் சர்வர் கிடைக்காத வரிசை, வெளியே வடகிழக்குப் பருவமழை.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தது. குறுவைக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, சம்பாவுக்கு 1.5 விழுக்காடு உழவர் பங்கு. மீதியை அரசுகள் கட்டுகின்றன. உழவர் கட்டுவது சிறு தொகைதான். சிக்கல் இழப்பை அளக்கும் முறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நெல்லுக்கு வருவாய்க் கிராமமே அலகு. அந்தக் கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்துப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்கிறார்கள். அதன் சராசரி கடந்த ஆண்டுகளின் விளைச்சல் அளவைவிடக் கீழே இறங்கினால் ஊருக்கே பணம். இறங்காவிட்டால், தன் இரண்டு ஏக்கரும் மூழ்கியவருக்கும் ஒன்றுமில்லை. வடிகால் தூர்ந்த பள்ளக்காட்டு வயலும் மேட்டுக்காட்டு வயலும் ஒரே கிராமக் கணக்கில் கலந்துவிடுகின்றன.

அறுத்துப் போட்ட கதிர் மழையில் நனைந்தால் தனி வயலுக்கும் இழப்பீடு கேட்கலாம் என்று திட்டத்தில் இடம் உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். மின்சாரம் போய், செல்போன் அணைந்து, ரோடு துண்டித்துக் கிடக்கும் மூன்று நாளில் அதைச் செய்யச் சொல்கிறது விதி.

கிராமச் சராசரியில் கிடைக்கும் பணமும் ஜனவரி அறுவடைக்குப் பிறகு, பரிசோதனை முடிந்து, கணக்குக் கூடி, மாநில அரசின் பங்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. பல ஆண்டுகளில் அதற்குள் அடுத்த குறுவை நட்டாகிவிடுகிறது. அந்த இடைவெளிக்கு வட்டி கட்டுவது உழவர்தான்.

நவம்பர் 16, 2018

விடியலுக்கு முன் வேதாரண்யத்தின் பக்கம் கஜா புயல் கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பக்கம் பலர் ஆற்றுத் தண்ணீரை நம்பி நெல் வைக்க முடியாமல் தென்னைக்கு மாறியவர்கள். மகளின் கல்யாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் தென்னந்தோப்புதான் அவர்களுக்கு வங்கி. நெல் போனால் ஒரு போகம் போகும். தென்னை போனால் ஐந்து ஆண்டு, ஆறு ஆண்டு வருமானம் போகும்.

சில நாட்களில் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு வைத்து 1,92,500 ரூபாய். மறுநடவுக்கும் பராமரிப்புக்கும் ஹெக்டேருக்கு 72,100 ரூபாய். வழக்கமான பேரிடர் விதிமுறையை விட இது மிகப் பெரிய தொகை. அதைத் துணிந்து அறிவித்ததைப் பாராட்டத்தான் வேண்டும். பணத்துக்கு மாநிலம் மத்திய அரசிடம் கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய். டிசம்பர் 31ஆம் தேதி ஒப்புதல் கிடைத்தது 1,146.12 கோடிக்கு.

தோப்புக்காரருக்கு மரக் கணக்கு இருந்தது. அந்தத் தோப்பை நம்பிப் பிழைத்த மற்றவர்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை. தேங்காய் பறிப்பவர், மட்டை உரிப்பவர், கயிற்று ஆலைக் கூலிகள், வீட்டுத் திண்ணையில் கீற்று முடைந்து அன்றாடச் செலவைப் பார்த்துக்கொண்ட பெண்கள். புயலடித்த வீடு என்ற அளவில் அரிசியும் வேட்டி சேலையும் குடிசைக்குப் பணமும் அவர்களுக்கும் வந்தன. ஆனால் தோப்பு திரும்பக் காய்க்கும் வரையிலான ஆண்டுகளில் அவர்கள் எதைச் செய்து சாப்பிடுவார்கள் என்ற கேள்வி எந்த அரசாணையிலும் எழவில்லை. கீற்று முடையும் பெண்ணுக்கும் அந்தத் தென்னையில் பங்கு உண்டு. நிவாரணம் மரத்தைப் பார்த்தது, அவளைப் பார்க்கவில்லை.

ஜனவரி 10, 2017

மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் அறிவித்தார். முந்தைய வடகிழக்குப் பருவத்தில் 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் பெய்தது 168 மட்டுமே. நிலவரி தள்ளுபடியானது, பயிர்க் கடன்கள் மத்திய காலக் கடன்களாக மாற்றப்பட்டன.

அந்த மாதத் தொடக்கத்தில், ஒரே மாதத்தில் 106 உழவர்கள் இறந்ததாக வந்த செய்திகளை வைத்துத் தேசிய மனித உரிமை ஆணையம் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. அரசு 17 குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. எந்தச் சாவு வறட்சியால், எது மாரடைப்பால், எது சொந்தக் காரணத்தால் என்று பிரிக்கும் வேலை அதன் பிறகு நீண்ட நாள் நடந்தது.

சாவுக்குப் பிறகு வீட்டில் நடப்பதைச் செய்திகள் அதிகம் சொல்வதில்லை. பட்டா பெரும்பாலும் மாமனார் பெயரில் இருக்கிறது. சொசைட்டிக் கடன் இறந்தவர் பெயரில், நகைக்கடன் மனைவி பெயரில். வட்டிக்காரர் கடனுக்குத் தாளே இல்லை, ஆனால் அவர்தான் முதலில் வாசலுக்கு வருகிறார். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், இறப்புச் சான்றிதழ் என்று அந்தப் பெண் தாலுகா ஆபீசுக்கு நடக்கும் மாதங்களில்தான் அவளுக்கு ரொக்கம் தேவை. 2011 முதல் நடந்துவரும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இதற்காகவே இருக்கிறது. சிறு குறு உழவரும் விவசாயக் கூலிகளும் அதில் அட்டை வாங்கலாம். விபத்துச் சாவு, இயற்கைச் சாவு, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் தொகை உண்டு. நிலமில்லாத கூலிக்காரரையும் பெயர் சொல்லிச் சேர்த்த அருமையான திட்டம். ஆனால் வறட்சி நிவாரணம் பேசப்படும் மேடைகளில் அதன் பெயர் அபூர்வமாகவே வருகிறது.

மார்ச் 14, 2017

தில்லி ஜந்தர் மந்தரில் உழவர் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக உழவர்கள் உட்கார்ந்தார்கள். இறந்த உழவர்களுடையவை என்று மண்டையோடுகளை முன்னால் வைத்து 41 நாட்கள். கேட்டவற்றில் முக்கியமானது கடன் தள்ளுபடி.

மே 23, 2016

பதவியேற்ற அன்றே ஜெயலலிதா கையெழுத்திட்ட முதல் கோப்புகளில் ஒன்று, சிறு குறு உழவர்களின் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி. ஏறத்தாழ 17 லட்சம் பேர், 5,780 கோடி ரூபாய். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2006 மே மாதம், கருணாநிதியும் பதவியேற்ற நாளில் கூட்டுறவுக் கடன்களைத் தள்ளுபடி செய்தார். 2021 பிப்ரவரி 5ஆம் தேதி, தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்க, அப்போதைய முதல்வர் பழனிசாமி 16.43 லட்சம் பேரின் 12,110 கோடியைத் தள்ளுபடி செய்தார். தள்ளுபடி தேர்தலின் நாட்காட்டியில் வருகிறது. வறட்சி அதைப் பார்த்து வருவதில்லை.

2016 தள்ளுபடியில் ஐந்து ஏக்கருக்கு மேல் இருப்பவரை விட்டது சரியில்லை என்று 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அய்யாக்கண்ணுவின் சங்கம் தொடுத்த வழக்கு அது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, சிறு குறு உழவருக்கு மட்டும் என்ற வரம்பு செல்லும் என்றது. ஏழைக்கு முன்னுரிமை என்ற அளவில் அது நியாயமானது. ஆனால் டெல்டாவில் ஏழை உழவர் பலரிடம் ஐந்து ஏக்கரும் இல்லை, ஒரு சென்ட்டும் இல்லை. சொசைட்டியில் கடனே வாங்க முடியாதவருக்குத் தள்ளுபடியில் என்ன கிடைக்கும்? ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டமும் நில உரிமையாளருக்கு மட்டும்தான்.

வேறு மாநிலங்கள் வழி கண்டிருக்கின்றன. ஒடிசாவின் காலியா திட்டம் நிலமில்லாத வேளாண் குடும்பங்களுக்கு ஆடு, கோழி, காளான் வளர்ப்புக்காக 12,500 ரூபாய் ஒதுக்கியது. ஆந்திரம் 2019இல் பயிரிடுவோர் உரிமைச் சட்டம் கொண்டுவந்து, குத்தகைக்காரருக்குப் பதினொரு மாதம் செல்லும் அட்டை கொடுத்தது. அந்த அட்டை நிலத்தின் மீது எந்த உரிமையும் தராது. கடனுக்கும் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் மட்டும் செல்லும். உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததால் அங்கும் பலருக்கு அட்டை கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தெரிந்துகொண்டே தமிழ்நாடு தொடங்கலாம்.

தொடங்கக் கோவில் நிலத்தைவிட நல்ல இடம் கிடையாது. அறநிலையத் துறையின் கீழ் கோவில்களுக்கும் மடங்களுக்கும் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் இருக்கிறது. டெல்டாவில் அதில் பயிரிடுவோர் ஆயிரக்கணக்கானோர். உரிமையாளர் பயம் இங்கே ஒரு காரணமாக முடியாது. குத்தகை நெல் அளந்த ரசீதும் குத்தகைப் பதிவேடும் கோவில் அலுவலகத்திலேயே இருக்கின்றன. அந்தப் பதிவேட்டை வைத்து, மேட்டூர் திறப்பதற்கு முன், மே மாதத்துக்குள், பயிரிடுவோர் பெயரை அடங்கலில் ஏற்றிவிட்டால் ஜூனில் அவர்கள் சொசைட்டிக்குப் போக முடியும். நவம்பரில் காப்பீடு கட்ட முடியும். வாய்ப்பேச்சுக் குத்தகையில் தனியார் நிலத்தில் இருப்பவர்களையும் நிலமில்லாத கூலிப் பெண்களையும் அடுத்த கட்டமாகச் சேர்க்க, ரேஷன் கடை வரை எல்லாப் பட்டியலும் வைத்திருக்கும் ஓர் அரசால் முடியாதது ஒன்றுமில்லை.