வரிசையில் அடங்காத உப்பு

சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். 1914இல் பால் வால்டன் எழுதிய எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 12 டிகிரியே போதும். எங்கள் கோட்டையூரில் அது என்றைக்கும் திரவம்தான்.

சோடியமும் குளோரைடும் உருண்டைகள், நெருக்கி அடுக்கிக்கொள்ளும். அயனித் திரவங்களில் ஓர் அயனியாவது பெரும்பாலும் கோணல்மாணலாக, வாலோடு இருக்கும், வரிசையில் அடங்காது. வால் நீண்டால் திரவம் தேன் மாதிரி கெட்டியாகி, அயனிகள் நகரத் திணறும். பேட்டரிக்கு அது ஆகாது. எந்த நீளம் சரி என்று தேடுவதில் போனது என் நாலு வருஷம்.

"ஏத்தா, சம்பாதிக்கிற வயசுல உப்பையா பாத்துக்கிட்டிருக்க?" என்பாள் அப்பத்தா. இந்த ஊரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் காரைக்குடியில் சிக்ரி திறந்தது. டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் இப்படி ஓர் ஆய்வகம் இருப்பதே எனக்குச் சம்பாத்தியமாகத்தான் தோன்றுகிறது.