இந்தப் பொங்கலுக்கு வேடந்தாங்கல் இல்லை

முதுகுல டிஸ்க் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு.
கால் வரைக்கும் சுரீர்னு இறங்கிட்டிருந்த வலி போயிடுச்சு. பெரிய நிம்மதி.

ஆனா குனியக்கூடாது, உடம்பைத் திருப்பக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. டூவீலர் கூடவே கூடாது.
நடக்கலாம். நடக்கத்தான் சொல்றாங்க.

வேடந்தாங்கல்ல இப்ப நத்தைகுத்தி நாரைங்க கூடு கட்டியிருக்கும். கூழைக்கடாவும் வந்திருக்கும்.
ஃப்ரெண்ட்ஸ் அனுப்புற படத்தைப் பார்த்தா மனசு அடிச்சுக்குது.

இன்னைக்குக் காலையில பெல்ட்டைப் போட்டுக்கிட்டு மெதுவா பால்கனிக்குப் போனேன்.
எதிர்வீட்டு வேப்பமரத்துல டுக் டுக் டுக்னு ஒரே சீரா குரல்.
செம்மார்புக் குக்குறுவான்!
எட்டிப் பார்த்துத் தேட முடியலை. சும்மா நின்னேன்.
கொஞ்ச நேரத்துல அதுவே பட்டுப்போன கிளை நுனிக்கு வந்து உட்கார்ந்துச்சு. நெத்தியில சிவப்பு, கண்ணைச் சுத்தி மஞ்சள்.
கண்ணு கலங்கிடுச்சுங்க.

வருஷா வருஷம் பொங்கலப்ப பறவைகள் கணக்கெடுப்பு நடக்குதில்ல?
15 நிமிஷம் பார்த்து இபேர்ட் (eBird) தளத்துல ஏத்தினா போதும், வீட்டுல இருந்தே செய்யலாம்.
இந்தத் தடவை நான் பால்கனியில இருந்துதான்.

நீங்களும் உங்க மொட்டைமாடியில ஒரு 15 நிமிஷம் நின்னு எண்ணுங்களேன்.
என்னென்ன வந்துச்சுன்னு இங்க எழுதுறீங்களா?