டீயில் சர்க்கரை ஜாஸ்தி... நான் மீண்டு வந்த கதை!

'மன அழுத்தத்தைக் குறைக்கும் 5 எளிய வழிகள்' என்ற கட்டுரையை நான் இணையத்தில் ஏற்றியபோது நள்ளிரவு 1.40. அன்றைக்கு அது என் பதினோராவது ஸ்டோரி. கட்டுரையில் முதல் வழியே 'போதுமான தூக்கம்'தான். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. ஒரு செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று திரையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் அது ஏறினால் சந்தோஷம். மூன்றாம் வருடம், ஒரு விபத்துச் செய்தியை டைப் செய்தபோது மனதுக்குள் எதுவுமே அசையவில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன்.

'வேலைப்பளுதான், லீவ் போட்டால் சரியாகிவிடும்' என்று பத்து நாள் ஊருக்குப் போனேன். அம்மா வைத்த மீன் குழம்பு ருசிக்கவில்லை. தலை வாரக்கூட கை எழவில்லை. "போனைக் கீழ வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்டி" என்றார் அம்மா. வைத்தேன். அழுகைதான் வந்தது.

"என்னடி பண்ணுது உனக்கு?"

"சொல்லத் தெரியலம்மா."

"அப்ப கேக்கத் தெரிஞ்சவங்ககிட்ட போவோம். கெளம்பு."

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. ஓ.பி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி டாக்டர் ஒன்பது கேள்விகள் கேட்டார். தூக்கம், பசி, ஆர்வம்... கடைசிக் கேள்வி, வாழவே பிடிக்காத எண்ணம் வருகிறதா என்பது. உண்மையைச் சொல்ல கொஞ்ச நேரம் பிடித்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'பர்ன் அவுட்'டை வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது, நோய் என்று அல்ல. "வேலையை விட்டுத் தள்ளி வந்தா அது கொஞ்சமாவது லேசாகும். உங்களுக்கு எதுவுமே லேசாகலையேம்மா. இது டிப்ரெஷன். இதுக்கு சிகிச்சை வேணும்" என்றார் டாக்டர்.

மாத்திரை வேலை செய்ய சில வாரங்கள் ஆகும் என்றும், நாமாக நிறுத்தக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். பத்தாம் நாளே நிறுத்தப் பார்த்தேன். "சுகர் மாத்திரையை நான் நிறுத்துறேனா?" என்று கேட்டார் அம்மா. பதில் இல்லை.

அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னேன். நைட் ஷிஃப்ட்டிலிருந்து விலக்கு கிடைத்தது. ஷிஃப்ட் முடிந்ததும் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுகிறேன். கெட்ட நாள்கள் இன்னும் வருகின்றன. ஆனால், மறுநாள் போய்விடுகின்றன.

யாரிடம் சொல்வது என்று தெரியாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சிகிச்சையின் ஆறாவது வாரம், அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நின்றிருந்தேன். ஒரு வாய் குடித்ததும், "அண்ணா, சர்க்கரை ஜாஸ்தி" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, எனக்கு ருசி தெரிகிறது!

அங்கிருந்தே அம்மாவுக்கு போன் போட்டேன். "இந்த வாரம் ஊருக்கு வர்றேன். மீன் குழம்பு வைம்மா."