அப்பாவிடம் பேச வேண்டும்

நாளை எங்கள் ஊர் கெடாருக்குப் போகிறேன். அக்காவின் பங்கைப் பற்றி அப்பாவிடம் பேசியாக வேண்டும். மூன்று நாளாக முதல் வாக்கியத்தையே மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது; அதற்குமுன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் மகளின் பங்கைப் பிறப்புரிமை என்றது. ஆனால் சட்டத்தில் ஆரம்பித்தால், "அதான் நகை போட்டாச்சே" என்று அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

கிணற்றடியிலிருந்து ஆரம்பிக்கலாம். ராத்திரி கரண்ட் வந்தால் டார்ச்சோடு போய் மோட்டார் போட்டவள் அக்கா. மல்லாட்டை பிடுங்கிப் பிடுங்கி அவள் நகக்கண்ணெல்லாம் செம்மண்.

"அக்கா கால் படாத வரப்பு ஏதாவது இருக்காப்பா?"

கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார வேண்டும். எனக்குக் கஷ்டம் அதுதான். பத்திர நகலைப் பையில் வைக்கவில்லை.