ஈயம் உருகவில்லை என்றால் சூட்டைக் கூட்டாதீர்கள்

ஆம்ப்ளிஃபயர் போர்டில் கெப்பாசிட்டர் மாற்றும்போது ஒரு கால் சுலபமாக வந்துவிடும். கிரவுண்டோடு சேர்ந்த கால் மட்டும் அசையாது. உடனே பலர் அயர்னை 450 டிகிரிக்கு ஏற்றுகிறார்கள். போர்டைக் கெடுக்கும் வேலை அது. ஈயமில்லாத சால்டரே 217 டிகிரி வாக்கில் உருகத் தொடங்கும். 350 டிகிரியில் இருக்கும் டிப்புக்குச் சூடு போதாமல் இல்லை. கொடுக்கிற வெப்பத்தையெல்லாம் அகலமான செம்புப் பரப்பு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, அதுதான் சிக்கல். ஊசி டிப்பை எவ்வளவு காய்ச்சினாலும் அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்காது. பேட்தான் உரிந்து வரும். துளைக்குள் இருக்கும் செம்பு உறையும் காலோடு வந்துவிட்டால் மேல்பக்க இணைப்பே போய்விடும்.

இதற்குத் தேவை அகலமான டிப், தாராளமாக பிளக்ஸ், பழைய சால்டர் மேல் கொஞ்சம் புது 63/37 வெள்ளீய-ஈய சால்டர்: இந்த சால்டர் 183 டிகிரியிலேயே உருகுவதால் பழையதையும் இளக்கிவிடும். அதைவிட முக்கியம், அடியிலிருந்து சூடான காற்றால் போர்டையே முதலில் காய்ச்சுவது. பக்கத்து எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் கெடாதா என்பது நியாயமான கேள்வி. 85 டிகிரி வகை இருந்தால் 80-க்குள் நிறுத்துங்கள். அதுவே பெரிய உதவி. டீசால்டரிங் கன் இருந்தால் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: அடியில் மட்டும் உருகிய நிலையில் உறிஞ்சினால் பாதி ஈயம் துளைக்குள்ளேயே நிற்கும், கன்னும் அதற்கு விலக்கல்ல. மேல்பக்க ஈயமும் பளபளத்து, கால் தடையில்லாமல் ஆடும்வரை உறிஞ்சத் தொடங்காதீர்கள்.